குளிர் வேறு, காற்று வேறு

வாகனத்தின் ஏசி சரியில்லை என்ற ஒரே முறைப்பாட்டுக்குள் இரண்டு வெவ்வேறு கோளாறுகளில் ஏதேனும் ஒன்று இருக்கக்கூடும்: வேண்டிய அளவு காற்று வந்தும் அதில் குளிர் இல்லாதிருப்பது ஒன்று, குளிர் உண்டாகியும் அதைச் சுமந்து வருவதற்குக் காற்று போதாதிருப்பது மற்றொன்று. முன்னது எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கொம்பிரசரையும் குழாய்களுக்குள் சுற்றிவரும் ஏசி காஸையும் சார்ந்தது. பின்னது டாஷ்போர்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஒரு விசிறி, ஒரு வடிகட்டி, சில பிளாஸ்டிக் தட்டிகள் ஆகியவற்றைச் சார்ந்தது. அதில் காஸுக்குப் பெரும்பாலும் எந்தப் பங்கும் இல்லை. ஆயினும் எந்தக் குறையென்றாலும் முதலில் காஸ் அடித்துப் பார்ப்பது என்ற பழக்கம் உரிமையாளர்களிடமும் சில கராஜ்களிலும் ஊறிப்போயிருப்பதால், சிறு தொகையோடு முடிந்திருக்க வேண்டிய வேலை பல மடங்கு செலவில் முடிகிறது, அல்லது செலவுக்குப் பின்னும் முடியாமலே தொடர்கிறது.

காற்றுக் குறையின் விளைவு மலைப்பகுதியில் இன்னும் தெளிவாகத் தெரியும். கண்டிக்கு வடகிழக்கே, மடவளையைக் கடந்து வரும் வத்தேகம, ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அமைந்த சிறு நகரம். இங்கிருந்து பன்வில, மடுல்கலை வழியாக ஏறும் பாதைகள் நக்கிள்ஸ் மலைத்தொடரின் தேயிலைத் தோட்டங்களுக்கு இட்டுச்செல்கின்றன. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வெக்கையைத் தணிக்கப் பயன்படும் ஏசி, இப்பகுதியில் ஆண்டின் பல மாதங்களுக்கு வேறொரு காரியத்துக்காகத் தேவைப்படுகிறது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடைப்பருவ மழையிலும் அதைத் தொடரும் வடகீழ்ப் பருவமழையிலும், ஜன்னல்களை ஏற்றிவிட்டு நான்கைந்து பேர் நனைந்த உடையோடு அமர்ந்திருக்கும் வாகனத்தின் முன்கண்ணாடி, அவர்களுடைய மூச்சிலிருந்தும் உடையிலிருந்தும் கிளம்பும் ஈரத்தால் சில நிமிடங்களில் உட்புறமாக ஆவி படிந்து மங்கிவிடுகிறது. ஒரு கன மீற்றர் காற்று 25 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 23 கிராம் நீராவியைத் தாங்கக்கூடியது. அதே காற்று 5 பாகைக்குக் குளிர்ந்தால் 7 கிராமுக்கு மேல் தாங்காது, எஞ்சியது நீராகப் பிரிந்து வடிந்துவிடும். ஏசி ஓடும்போது வாகனத்துக்கு அடியில் சொட்டுவது இவ்வாறு பிரிந்த நீரே. ஈரம் கழிந்த அந்தக் காற்று வேகமாக வீசினால் கண்ணாடி விரைவில் தெளியும். வீச்சு மெலிந்திருந்தால், எவ்வளவு குளிர்ந்த காற்றானாலும், கண்ணாடியின் அடிவிளிம்பில் ஒரு கையகலம் மட்டுமே தெளியும். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த தோட்டப் பாதையில், கொழுந்து ஏற்றி இறங்கிவரும் லொறியைக் காண்பதற்கு அது போதாது.

நவீன ஏசி தொடக்கத்திலேயே ஈரத்தை அகற்றுவதற்காகப் பிறந்தது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. 1902இல் வில்லிஸ் கேரியர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சகத்துக்காக அதை வடிவமைத்தது, ஈரப்பதத்தால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வண்ண அச்சு பிசகுவதைத் தடுப்பதற்காகவேயன்றி, ஊழியர்களின் சுகத்துக்காக அன்று.

காற்று செல்லும் வழியை அறிந்தவர் கோளாற்றின் இருப்பிடத்தைப் பாதி கண்டுவிடுகிறார். முன்கண்ணாடியின் அடியில், வைப்பர் தண்டுகள் பொருத்தப்பட்ட இடத்திலுள்ள துளைகள் வழியாக வெளிக்காற்றும், முன் பயணியின் கால்மாட்டுக்கு மேலுள்ள வாயில் வழியாக வாகனத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் காற்றும் நுழையலாம். இவற்றுள் எது நுழைவது என்பதை ஒரு தட்டி தீர்மானிக்கிறது. நுழைந்த காற்றை நகர்த்துவது, கராஜ்களில் ப்ளோவர் எனப்படும் ஊதுவிசிறி. மேசை விசிறிக்கு உள்ள அகன்ற இறக்கைகள் இதற்கில்லை; விளிம்பைச் சுற்றி மெல்லிய தகடுகள் நெருக்கமாக நிற்கும் இந்தச் சிறு கூண்டு, காற்றை நடுவில் உறிஞ்சி ஓரத்தில் வீசுகிறது. பெரும்பாலான கார்களில் விசிறிக்கு முன்னோ பின்னோ வடிகட்டி இருக்கும். அதன் பிறகு காற்று, கூலிங் கொயில் என்று பொதுவாக அழைக்கப்படும் ஆவியாக்கியின் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு இடையே புகுந்து செல்கிறது. திரவமாக உள்ளே வரும் காஸ் அங்கே ஆவியாகும்போது உறிஞ்சிக்கொள்ளும் வெப்பமே, காற்று குளிர்வதற்குக் காரணம். பின்னர் வெந்நீர் ஓடும் ஹீட்டர் கொயிலைக் கடந்தோ அதை விலக்கியோ சென்று, முகத்துக்கா, காலுக்கா, கண்ணாடிக்கா என்று பிரித்தனுப்பும் தட்டிகள் வழியாக வெளிவருகிறது. இதன் பிறகும் ஒரு வாயில் பாக்கி உண்டு: உள்ளே வந்த காற்று வெளியேறுவதற்காகப் பின் பம்பருக்குள்ளோ டிக்கியின் ஓரத்திலோ ரப்பர் மடல் பொருத்திய துளைகள் அமைக்கப்பட்டிருக்கும். மரக்கறி மூட்டைகளாலோ பயணப் பைகளாலோ அந்தத் துளைகள் அடைபட்டால், வெளிக்காற்று நுழையும் நிலையில் வீச்சு குறைந்துபோகும். ஜன்னல் ஒன்றைச் சிறிது இறக்கியதும் காற்று கூடுமானால் காரணத்தை டிக்கியில்தான் தேட வேண்டும்.

இவையெல்லாம் எப்போதும் டாஷ்போர்டுக்குள் அடங்கியிருக்கவில்லை. தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தி விற்கப்பட்ட முதல் கார் என்று கருதப்படும் 1940ஆம் ஆண்டு மாதிரிப் பக்கார்டில், குளிரூட்டும் பகுதி டிக்கியை அடைத்துக்கொண்டிருந்தது. குளிர்ந்த காற்று பின் இருக்கைக்குப் பின்னாலிருந்து வீசியது. கொம்பிரசரைப் பிரித்துவிடக் கிளச் இல்லாததால், ஏசி வேண்டாதபோது எஞ்சினை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. முழு அமைப்பையும் வாகனத்தின் முன்பகுதியிலேயே அடக்கும் முறையை 1954இல் நாஷ் நிறுவனம் கொண்டுவந்தது. அதனால் டிக்கி மிச்சமாயிற்று. பழுதுபார்ப்பவரின் கை நுழையத்தான் இடமில்லாமற்போயிற்று.

காற்று குறைவதற்கு மிகச் சாதாரணமான காரணம் வடிகட்டி. க்ளவ் பொக்ஸின் இரு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அழுத்திக் கீழே மடித்தால், அதன் பின்னால் நீள்சதுரமான ஒரு மூடி தெரியும். அதன் காதுகளை அழுத்தி விடுவித்தால், சேலைக் கொசுவம் போல அடுக்கடுக்காக மடித்த வடிகட்டியை வெளியே இழுத்துவிடலாம். புதிதில் வெண்மையாக இருக்கும் அது, ஓரிரண்டு ஆண்டுகள் கவனிக்கப்படாமல் விடப்பட்டிருந்தால், மேற்புறத்தில் மாரா மரத்தின் சிற்றிலைகளும் மாம்பூத் துகளும் பைன் ஊசிகளும், மடிப்புகளுக்குள் டீசல் புகையின் கரியும் தெருத்தூசியும், சில வேளைகளில் எலி கடித்துச் சேர்த்த கடதாசித் துண்டுகளும் கலந்து, மழையில் நனைந்து காய்ந்து, ஒரு தட்டையான கட்டியாக இறுகியிருக்கும். மலைகளால் சூழப்பட்ட பள்ளத்தாக்காகிய கண்டி நகரில் வாகனப் புகை எளிதில் கலைவதில்லை என்பதால், நாள்தோறும் வத்தேகமவிலிருந்து கண்டிக்குச் சென்றுவரும் வாகனம் மரங்களின் சருகையும் நகரின் கரியையும் ஒருசேர வாங்கிக்கொள்கிறது. வடிகட்டியைப் பொதுவாக 15,000 முதல் 20,000 கிலோமீற்றருக்குள், அல்லது ஓராண்டுக்குள், மாற்றுவது முறை; இத்தகைய பாதைகளில் அதற்கு முன்பே பார்ப்பது நல்லது. கடதாசி வடிகட்டியைக் கழுவி மீண்டும் போடுவதும், டயருக்குக் காற்றடிக்கும் குழாயால் பலமாக ஊதுவதும் இழைகளைச் சிதைத்து அதன் பயனைக் கெடுத்துவிடும். புதியதைப் பொருத்தும்போது அதன் ஓரத்தில் அச்சிடப்பட்ட அம்புக்குறி காற்று செல்லும் திசையைக் காட்ட வேண்டும்.

இலங்கையின் தெருக்களில் ஓடும் சிறிய கார்கள் சிலவற்றில், குறிப்பாகக் குறைந்த விலை மாதிரிகளில், வடிகட்டிக்கான இடம் இருந்தும் வடிகட்டி பொருத்தப்படாமலே வந்திருப்பதுண்டு. வேறு சிலவற்றில் அதற்கு இடமே இல்லை. அங்கெல்லாம் கூலிங் கொயிலே வடிகட்டியாக மாறிவிடுகிறது. அதன் விளைவைப் பின்னர் பார்க்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்ததால், ஐந்தாறு ஆண்டுகளில் கைமாறியிருக்க வேண்டிய கார்கள் பத்து, பதினைந்து ஆண்டுகளைக் கடந்தும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எந்தக் கராஜுக்கும் போகுமுன் உரிமையாளரே செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, ஏசி பொத்தானை அழுத்தாமல், ஊதுவிசிறியை முழு வேகத்தில் வைத்துக் காற்றைக் கையால் உணர வேண்டும். அப்போதே வீச்சு மெலிந்திருந்தால், காஸுக்கும் கொம்பிரசருக்கும் அந்தக் குறையில் பங்கில்லை என்பது உறுதியாகிவிடுகிறது. அடுத்து வடிகட்டியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிறிது நேரம் ஓடவிட்டால், காற்று திரும்புகிறதா என்பதிலிருந்து வடிகட்டியின் குற்றம் தெரிந்துவிடும். விசிறியின் ஒலியும் செய்தி சொல்லும்: உரக்க இரைந்தும் காற்று வராவிட்டால் வழியில் எங்கோ அடைப்பு; ஒலியே மந்தமாக இருந்தால் மின்சாரப் பக்கத்தில் குறை. அடைப்பு விசிறியின் சுமையைக் கூட்டி மோட்டாரை எரித்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவது முற்றிலும் சரியன்று. இவ்வகை விசிறிக்குக் காற்று கிடைக்காதபோது அதன் சுமை உண்மையில் குறைகிறது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது.

அந்த இடம் ரெசிஸ்டர். விசிறியின் வேகத்தைக் குறைப்பதற்காக மின்னோட்டத்தைத் தடுத்து, தடுத்த ஆற்றலை வெப்பமாக்கி வெளிவிடும் சிறு உறுப்பு இது. கட்டைவிரல் நீளமுள்ள பீங்கான் துண்டாகவோ திறந்த கம்பிச் சுருள்களாகவோ இருந்து, காற்று செல்லும் குழாயின் சுவரில் இரண்டு திருகாணிகளால் பொருத்தப்பட்டிருக்கும். அது சூடாவதால், அதைக் குளிர்விப்பதற்கென்றே காற்றின் பாதையில் அமைத்திருக்கிறார்கள். வடிகட்டி அடைபட்டால் குளிர்விக்கும் காற்று குறைந்து, உள்ளிருக்கும் வெப்ப ஃபியூஸ் உருகிவிடுகிறது. நான்கு வேகங்களில் முதல் மூன்றும் செத்து, நான்காவது மட்டும் ஓடுவது இந்தக் கோளாற்றின் தவறாத அடையாளம், ஏனெனில் முழு வேகத்தில் மின்னோட்டம் ரெசிஸ்டரைத் தொடாமல் நேரே மோட்டாருக்குப் போகிறது. தானியங்கி ஏசி உள்ள கார்களில் இதன் இடத்தில் மின்னணுக் கட்டுப்பாட்டுத் துண்டு ஒன்று இருக்கும். அது பழுதானால் எல்லா வேகமும் நின்றுபோகலாம், அல்லது விசிறி நிறுத்த முடியாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். ரெசிஸ்டரை மாற்றுபவர் அதில் செருகும் பிளக்கையும் பார்க்க வேண்டும்: வெண்ணிறப் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு முனை மட்டும் உருகிக் கறுத்திருந்தால், பிளக்கையும் சேர்த்து மாற்றாத பழுதுபார்ப்பு சில வாரங்களில் திரும்பி வந்துவிடும். மோட்டாரின் தண்டு இறுகியிருந்தாலும் இதே கதைதான். இறுகிய மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுத்து, புதிய ரெசிஸ்டரையும் எரித்துவிடும். எந்த வேகத்திலும் விசிறி அசையாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டாரின் கார்பன் பிரஷ் என்ற வரிசையில் தேடுவது வழக்கம். டாஷ்போர்டின் அடிப்பகுதியைத் தட்டியதும் விசிறி ஓடத் தொடங்கினால் தேய்ந்தது பிரஷ் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

வடிகட்டியும் விசிறியும் நன்றாக இருந்தும் காற்று வராவிட்டால் கவனம் கூலிங் கொயிலுக்குத் திரும்ப வேண்டும். அதன் தகடுகளுக்கிடையே ஓரிரு மில்லிமீற்றர் இடைவெளியே உண்டு. ஏசி ஓடும்போது அவை எப்போதும் நனைந்திருப்பதால், வந்து மோதும் தூசியும் நூலிழையும் ஒட்டிக்கொண்டு, ஆண்டுகள் செல்லச் செல்ல முகப்பு முழுவதும் மூடிக்கொள்கிறது. ஏசி போட்டதும் எழும் புளித்த வாடை இந்தப் படிவில் வளரும் பூஞ்சையின் வாடை. ரெசிஸ்டரைக் கழற்றிய துளை வழியாகச் சிறு கமராவை நுழைத்து டாஷ்போர்டைப் பிரிக்காமலே கொயிலின் முகத்தைப் பார்த்துவிடலாம் என்பதால், பிரிக்க வேண்டும் என்று சொல்லும் கராஜிடம் முதலில் அந்தப் படத்தைக் கேட்பது நியாயமே. இலேசான படிவை நுரை வகைச் சுத்திகரிப்பான் கரைத்து, நீர் வடியும் குழாய் வழியாக வெளியேற்றிவிடும். அமிலம் சேர்ந்த திரவங்கள் அலுமினியத்தை அரித்து, அடைப்பைக் கசிவாக மாற்றிவிடக்கூடியவை. அந்த வடிகுழாயே அடைபட்டிருந்தால் முன் பயணியின் காலடிக் கம்பளம் காரணமின்றி நனையும்; மழைநீர் புகுந்துவிட்டதென்று கதவு ரப்பரை மாற்றியும் ஈரம் நிற்காத வாகனங்கள் சிலவற்றில் குற்றம் இந்தக் குழாயிலேயே இருக்கும்.

காற்றும் காஸும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு, அது கொயில் உறைதல். புறப்படும்போது நன்றாக வீசிய காற்று அரை மணி, முக்கால் மணி நேரத்தில் படிப்படியாக மெலிந்து, ஏசியைச் சிறிது நேரம் அணைத்துவைத்ததும் திரும்பி வருமானால், தகடுகளின் மீது பனிக்கட்டி படிந்து வழியை மூடுகிறது என்று பொருள். கொயிலின் வெப்பநிலை உறைநிலையை நெருங்கியதும் கொம்பிரசரை நிறுத்திவிடுவதற்கென்று சிறு உணரி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அது பழுதாவது ஒரு காரணம். கசிவினால் காஸ் குறைவது மற்றொரு காரணம்: ஆர்-134ஏ என்ற காஸ் 0 பாகையில் ஆவியாகும் அழுத்தம் மானியில் ஏறத்தாழ 28 பிஎஸ்ஐ காட்டும், காஸ் குறைந்து அழுத்தம் அதற்குக் கீழே இறங்கினால், கொயிலின் ஒரு பகுதி உறைநிலைக்குக் கீழே போய்விடுகிறது. காற்று மெதுவாகச் செல்வதும் உறைதலைத் தூண்டும் என்பதால், அடைபட்ட வடிகட்டியே இக்கோளாற்றின் மூலமாகவும் இருக்கலாம். ஈரம் மிகுந்த காற்றில் பனி விரைவாகப் படிகிறது. கொழும்பின் வெயிலில் சோதித்தபோது தென்படாத குறை, பன்வில ஏற்றத்தில் மழையில் வெளிப்படுவதற்கு அதுவே காரணம்.

தட்டிகளின் கோளாறுகள் எளிதில் தெரிபவை. முகத்துக்குத் திருப்பினாலும் காற்று கண்ணாடிக்கே போவதும், இடப்பக்கம் சூடாகவும் வலப்பக்கம் குளிராகவும் வருவதும், டாஷ்போர்டுக்குள் டிக், டிக் என்ற ஒலி சில நொடிகள் கேட்டு அடங்குவதும், தட்டியை நகர்த்தும் சிறு மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்ததன் அடையாளங்கள். பழைய வகைக் கார்களில் இந்த வேலையைக் கம்பி செய்கிறது; அது கொளுவியிலிருந்து கழன்றிருந்தால் மீண்டும் மாட்டினாலே போதும். கண்ணாடி மங்கும் வேளையில் உள்காற்றையே சுழற்றும் நிலையில் பொத்தான் நின்றுவிட்டால், பயணிகளின் மூச்சின் ஈரம் உள்ளேயே சுற்றும் என்பதால், மழையில் வெளிக்காற்று நிலையே பொருத்தம். கண்டியின் புகை நெரிசலில் மட்டும் சிறிது நேரம் அதை மாற்றிக்கொள்ளலாம்.

பாடசாலைப் பிள்ளைகளையும் சுற்றுலாப் பயணிகளையும் ஏற்றும் ஹயஸ், கரவான் வகை வான்களில் பின்பகுதிக்கென்று தனிக் கூலிங் கொயிலும் தனி ஊதுவிசிறியும் உண்டு. இதை டுவல் ஏசி என்பார்கள். முன்னால் காற்று நன்றாக வந்து பின்னால் வராதபோது கொம்பிரசரைச் சந்தேகிப்பதில் பொருளில்லை. பின்புற விசிறியின் ஃபியூஸையும், அது காற்றை உள்ளிழுக்கும் வலைத்தட்டின் மீது பைகள் அடுக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பார்ப்பதே முதல் வேலை. பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட் கார்களிலும் பின் இருக்கையை ஒட்டி இத்தகைய வலைத்தட்டு ஒன்று இருக்கிறது. அதன் வழியாக வாகனத்துக்குள்ளிருக்கும் குளிர்ந்த காற்று இழுக்கப்பட்டு, உயர் மின்னழுத்தப் பற்றரி குளிர்விக்கப்படுகிறது. சீட் உறையாலோ தலையணையாலோ அதை மூடிவிடும் வழக்கம், பயணிகளின் சுகத்தைத் தொடாவிட்டாலும், காரிலேயே விலை கூடிய உறுப்பின் ஆயுளைக் குறைத்துவிடும்.

கொயிலைக் கழற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால், அமைப்பிலுள்ள காஸை வெளியேற்றாமல் வேலை நடக்காது. அதைக் காற்றில் திறந்துவிடுவது எளிது. ஆனால் நூறாண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 1,430 மடங்கு புவியைச் சூடாக்கும் ஆற்றல் ஆர்-134ஏக்கு உண்டு. ஓசோன் படையைக் காப்பதற்கான மொன்றியல் உடன்படிக்கையில் 1989இலும், இவ்வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைப்பதற்கான கிகாலி திருத்தத்தில் 2018இலும் இலங்கை இணைந்திருப்பதால், காஸை மீட்டெடுக்கும் இயந்திரம் வைத்திருக்கும் கராஜைத் தேடுவதே முறையானது. மீண்டும் நிரப்பும்போது வெற்றிடப் பம்பினால் காற்றையும் ஈரத்தையும் முழுமையாக இழுத்தெடுத்து, வெற்றிடம் குறையாமல் நிற்கிறதா என்று காத்திருந்து பார்த்து, வெளியேறிய அளவுக்குக் கொம்பிரசர் எண்ணெயும் சேர்த்து, அதன் பின்னரே காஸை எடை போட்டு ஏற்ற வேண்டும். மானியின் முள்ளை மட்டும் பார்த்து ஏற்றுவது நம்பகமான அளவன்று, ஏனெனில் மலைப்பகுதியின் குளிர்ந்த காலையில் காட்டும் அழுத்தமும் நண்பகலில் காட்டும் அழுத்தமும் ஒன்றல்ல. சரியான எடை பொனட்டின் உட்புறத்திலோ அதன் அருகிலோ ஒட்டப்பட்ட சிறு தாளில் கிராம் கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும். ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த கார்களில் அத்தாளின் எழுத்துகள் ஜப்பானிய மொழியில் இருந்தாலும், எண்களை யாரும் வாசித்துவிடலாம்.